வேலணைச் சந்தியில் நான் இறங்கவில்லை

பிள்ளைகளே,

போன மாதம் ஊர்காவற்றுறையில் நடந்த கிறிஸ்தவ தாதியர், மருத்துவமாதர் ஒன்றுகூடலில் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். மேடையில் நான் பேசியது பெரிதாக ஒன்றுமில்லை. எல்லாம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸி, முழுமனசோட கிறிஸ்தவளா வாழவேணும் எண்டு எனக்குச் சரியான ஆசை. ஆனா ஞாயிறு பூசைக்கே ஒழுங்காப் போக ஏலாமல் கிடக்கு. கிளினிக், வீடு வீடாப் போறது, அறிக்கை எழுதுறது எண்டு ஓடுறன். இதுக்குள்ள எங்க நேரம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகு, பஸ் வந்தது நல்லதாகப் போயிற்று என்று தோன்றியது. அங்கே நின்றிருந்தால் நான் ஏதாவது புத்திமதி சொல்லியிருப்பேன். அதைவிட, நான் சறுக்கிய இரண்டு இடங்களைச் சொல்வது அவளுக்குக் கூடப் பயன்படும். ஊசி போடுவதும் நிறை பார்ப்பதும் பதிவு அட்டையான காட் நிரப்புவதும் உங்களுக்குத் தெரிந்த வேலைகள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலாவது, வேலணையில் நான் மருத்துவமாதாகப் புதிதாகச் சேர்ந்த காலத்தில் நடந்தது. சரவணையில் ஒரு பொது மண்டபத்தில் மாதம் ஒருமுறை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவோம். ஐஸ் நிரப்பிய குளிர்ப்பெட்டியில் மருந்தைக் கொண்டுபோவதும் பாதுகாப்பதும் என் பொறுப்பு. அன்று சனம் கூடிவிட்டது. குழந்தைகளின் அழுகைக்கும் தாய்மாரின் அவசரத்துக்கும் நடுவில், பெட்டி மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டுவிட்டேன். பெட்டி வெயில் பக்கமாக இருந்தது. எல்லாம் முடிந்து சாமான்களை எடுத்துவைக்கும்போதுதான் பார்க்கிறேன், உள்ளே ஐஸ் இல்லை, வெறும் தண்ணீர். எப்போது உருகியது, எந்தப் பிள்ளைகளுக்குப் பழுதான மருந்து போயிற்று, ஒன்றும் தெரியாது. பார்த்தது நான் ஒருத்திதான்.

தண்ணீரை வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

இரண்டு நாளாக அதை யாரிடமும் சொல்லவில்லை. செபமாலை மட்டும் கூடிக்கொண்டே போனது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, வேலை முடிந்து ஒன்று. மூன்றாம் நாள் மத்தியானம், கிளினிக் அறைக் கதவைச் சாத்திவிட்டு முழங்காலில் இருந்தேன். எங்களுக்கு மேலே இருந்த பெரிய மிஸி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் வேறு சபையைச் சேர்ந்தவர், செபமாலை சொல்லாதவர்.

"என்ன பிள்ளை, தவக்காலமும் இல்லை. என்னத்துக்கு உப்பிடிச் செபிக்கிறீர்?"

அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் என் தோளைப் பிடித்து எழுப்பினார்.

"கடவுளுக்கு முந்தாநாளே தெரியும். தெரிஞ்சவரிட்டத் திரும்பத் திரும்பச் சொல்லி என்ன பிரயோசனம்? தெரியாத ஆக்களிட்டப் போய்ச் சொல்லும்."

முதலில் டொக்டரிடம் போனோம். அவர் விளக்கம் எழுதித் தரச் சொன்னார். எல்லாப் பிள்ளைகளுக்கும் திரும்பப் போடவேண்டும் என்றார். மறுநாள் நானும் பெரிய மிஸியும் இரண்டு சைக்கிளில் சரவணை முழுக்கச் சுற்றினோம். ஒவ்வொரு வீட்டு வாசற் படலையிலும் நான்தான் பேசவேண்டும் என்பது பெரிய மிஸியின் கட்டளை. "பிழை என்ர. மருந்து பழுதாப் போச்சு. பிள்ளையைத் திரும்பக் கொண்டுவாங்கோ."

ஒரு தாய் படலையிலேயே வைத்து என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவள் ஏசியது நியாயம். இன்னொருத்தி சிரிக்கத் தொடங்கிவிட்டாள். "ஊசி போட்டும் இவனுக்குக் காய்ச்சல் வரேல்லை எண்ட உடனேயே யோசிச்சனான் மிஸி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றாள்.

பின்னேரம் திரும்பும்போது எதிர்க்காற்று. ஆனால் சைக்கிள் தானாக ஓடுவதுபோல் இருந்தது. மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் போய்விட்டது. என்னையறியாமல் கோயிற் பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்கினேன். முன்னால் போன பெரிய மிஸி திரும்பிப் பார்க்காமலே, "சுருதி சேரேல்லை. எண்டாலும் பாடும்" என்றார்.

செபத்தை ஒளித்துக்கொள்ளும் இடமாக்கினால் அதற்குள் மூச்சுமுட்டும் என்று அன்று கண்டேன். இவ்வளவும் கண்டவள் பிறகு நல்லபிள்ளையாக இருந்திருப்பாள் என்று நினைக்காதீர்கள். அடுத்த சறுக்கல் இதைவிடப் பெரியது.

அது நெடுந்தீவில். எனக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. கலியாணமாகிப் பன்னிரண்டு வருடம் காத்திருந்து பெற்ற ஒரே மகள் ஜெசிந்தா, கரம்பொனில் தகப்பனோடு இருந்தாள். என் கணவர் படகு எஞ்சின் திருத்துபவர். நான் திங்கட்கிழமை தீவுக்குப் போய் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவேன்.

இடமாற்றம் வருவதற்குச் சற்று முன்னர் நான்கு நாள் தியானம் ஒன்றுக்குப் போயிருந்தேன். போனவள் ஒருத்தி, திரும்பி வந்தவள் வேறொருத்தி. உள்ளுக்குள் நெருப்பு. அந்த நெருப்பைப் பொய் என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். அது உண்மையான சந்தோசம். ஆனால் அதை எப்படிக் கையாள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ட இடமெல்லாம் பற்றவைத்தேன். வீடுகளுக்குப் போனால் வயிறு பார்க்க முதல் செபம். கர்ப்பிணித் தாய்மாரின் காட் அட்டைக்குள் மாதா படமும் ஒரு செபத் துண்டும் வைத்துக் கொடுப்பேன். எங்கள் சமயத்தவர், சைவர் என்று பார்ப்பதில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தர்சினி என்று ஒரு பிள்ளை. தலைப்பிள்ளை வயிற்றில், எட்டாம் மாதம். கணவன் தெற்கே ஒரு கடையில் வேலைக்கு நின்றான். அவள் மாமியார் பரமேஸ்வரி அம்மாவோடு இருந்தாள். சைவக் குடும்பம். அவள் ஒரு கிளினிக்குக்கு வரவில்லை. அடுத்ததுக்கும் வரவில்லை. நான் வீட்டுக்குப் போனால் படலை சாத்தியிருக்கும். இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "வீட்டில் இல்லை" என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்தேன்.

ஜெசிந்தாவுக்கு எங்கள் பங்குக் கோயிலில் புதுநன்மை, முதன்முதல் நற்கருணை வாங்கும் நாள். சனிக்கிழமை காலை பத்து மணிப் பூசை. நான் வெள்ளிக்கிழமை பின்னேரப் படகில் போய்விடுவதாக ஏற்பாடு. அன்று பார்த்துச் சோளகக் காற்று கிளம்பிவிட்டது. படகு ஓடாது என்றார்கள். இறங்குதுறையில் பையோடு நின்று கண் கலங்கிக்கொண்டிருந்தேன். கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் றோசக்கா வந்து தேற்றினார்.

"நாளைக்குக் காலமை விடுவாங்கள் மிஸி. ஏழரைக்கு வெளிக்கிட்டாலும் பூசைக்குப் போயிடலாம். வாங்கோ."

நடந்து வரும்போது, ஏதாவது பேசவேண்டும் என்பதற்காகத் தர்சினியைப் பற்றிக் கேட்டேன். வெளியூருக்குப் போய்விட்டார்களா என்றேன். றோசக்கா நின்றுவிட்டார்.

"அவை வீட்டிலதான் இருக்கினம் மிஸி. உங்கட சைக்கிளைக் கண்டால் படலையைச் சாத்தினம்."

"ஏன்?"

"சமயம் மாத்த வாறியள் எண்டு. கிளினிக் காட்டுக்குள்ள படம் இருந்ததாம். மாமியார் பயந்துபோனா."

"இதை ஏன் றோசக்கா எனக்கு முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் நல்ல மனசோடதான் செய்யிறியள். எப்பிடிச் சொல்லுறது? நானும் உங்களைப்போல வேதக்காரிதான் மிஸி. ஆனா எங்கட வீட்டுப் பொம்பிளையளும் அவையும் ஒரே கிணத்தில தண்ணி அள்ளுற ஆக்கள். இப்ப அங்கயும் கதைபேச்சுக் குறைஞ்சுபோச்சு."

காற்றில் புழுதி பறந்தது. எனக்கு முகத்தில் அடித்தது அந்தப் புழுதியில்லை. ஆண்டவருக்காகச் செய்கிறேன் என்று நான் செய்த காரியம், ஒரு கர்ப்பிணித் தாயை என் கையிலிருந்து தள்ளிவைத்திருக்கிறது. தலைப்பிள்ளைக்காரி. எட்டாம் மாதம். இரண்டு மாதமாக யாரும் அவளுக்குப் பிரசர் பார்க்கவில்லை. நான் புத்தகத்தில் "வீட்டில் இல்லை" என்று எழுதிவிட்டு இரவில் நிம்மதியாக நித்திரை கொண்டிருக்கிறேன்.

நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். படலை சாத்தியிருந்தது. நெடுந்தீவு வேலிகள் உங்களுக்குத் தெரியும், கல்லடுக்கிய வேலி, நெஞ்சுயரம்தான். நான் அந்த வேலிக்கு வெளியே நின்று, உள்ளே ஆளிருக்கிறது என்ற நம்பிக்கையில் பேசினேன்.

"அம்மா, நான் மிட்வைஃப். உள்ளுக்கு வரேல்லை. நான் செய்தது பிழை. உங்களைக் கேக்காமல் காட்டுக்குள்ள படம் வைச்சது பிழை. இனி உங்கட வீட்டில என்ர சமயத்தைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கமாட்டன். தர்சினிக்கு நான் பிரசர் மட்டும் பார்க்கவேணும். நான் வேண்டாமெண்டால் ஆஸ்பத்திரிக்காவது கூட்டிக்கொண்டு போங்கோ. கால் வீங்கினாலோ, தலையிடிச்சாலோ, கண் மங்கினாலோ ஒரு நிமிசமும் சுணங்க வேண்டாம்."

ஒரு ஆடு மட்டும் வேலிக்கு மேலால் என்னைப் பார்த்தது. திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணியிருக்கும். வெள்ளைச் சேலையை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். கோயிலுக்குக் கட்டவென்று வாங்கியது. வாசலில் யாரோ ஓடிவரும் சத்தம். பரமேஸ்வரி அம்மா. செருப்பில்லாமல் வந்திருந்தார்.

"மிஸி, நீங்கள் நேற்றுச் சொன்னது எல்லாம் இருக்கு. கால் வீக்கம். தலை வெடிக்குது எண்டுறாள். கண்ணுக்கு முன்னால புகை மாதிரி எண்டுறாள்."

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். டொக்டர் பார்த்தார், மருந்து கொடுத்தார். வலிப்பு வந்தால் தாயும் பிள்ளையும் தப்பாது, உடனே யாழ்ப்பாணம் போகவேண்டும் என்றார். படகு ஒழுங்காயிற்று. அப்போதுதான் பரமேஸ்வரி அம்மா கடலைப் பார்த்தார். காற்று முதல்நாளைவிடக் கொஞ்சம்தான் குறைந்திருந்தது.

"இந்தக் கடலில இவளை ஏத்தமாட்டன். என்ர மோனுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

டொக்டர் சொல்லிப் பார்த்தார். படகுக்காரர் சொல்லிப் பார்த்தார். அவர் மருமகளின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் கூட வருவியளோ? குறிகட்டுவான் துறை வரைக்கும் இல்லை. யாழ்ப்பாணம் வரைக்கும். ஒப்பிரேசன் தியேட்டர் வாசல் வரைக்கும். அவளின்ர கையை விடாமல்?"

"வருவன்" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குப் பூசை ஞாபகமேயில்லை.

படகில் தர்சினியின் தலை என் மடியில். ஒரு கை என் கைக்குள். தீவை விட்டு வெளிக்கிட்டதும் அலை தூக்கித் தூக்கி அடித்தது. உப்புத் தண்ணீரில் எல்லாரும் நனைந்தோம். பரமேஸ்வரி அம்மா இரண்டு முறை சத்தியெடுத்தார், ஒருமுறை என் சீருடையில். அதற்கிடையில் அம்மாளாச்சியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப்போனார். நான் உதடு அசையாமல் உள்ளுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தேன். சட்டென்று அவர் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"என்ன மிஸி, பேசாமல் இருக்கிறியள்? செபம் சொல்லுங்கோவன்!"

"சொல்லமாட்டன் எண்டு நேற்று உங்களுக்கு வாக்குத் தந்தனான் அம்மா."

"அது வீட்டில! இது கடல்!"

படகுக்காரருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"நான் நயினாதீவு அம்மாளைக் கூப்பிடுறன். நீங்கள் உங்கட மாதாவைக் கூப்பிடுங்கோ. ரெண்டு பேருக்கும் தாய்மாரின்ர பாடு தெரியும்" என்றார் பரமேஸ்வரி அம்மா.

"கெதியாக் கூப்பிடுங்கோ, காத்துக் கூடுது" என்றார் படகுக்காரர்.

என் மடியில் கிடந்த தர்சினிகூடக் கண்ணை மூடியபடி சிரித்தாள். நான் வாய்விட்டு அருள் நிறைந்த மரியே சொன்னேன். நான்கு நாள் தியானத்திலும் நான் அப்படி ஒரு செபம் சொன்னதில்லை. யாருக்கும் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, யாரையும் மாற்றுவதற்காகவும் சொல்லவில்லை. கேட்டதால் சொன்னேன். முகத்தில் உப்புத் தண்ணீரோடு சொன்னேன். அந்தக் கடலுக்கு நடுவில் எனக்கு வந்த சந்தோசத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

குறிகட்டுவானில் அம்புலன்ஸ் நின்றது. உள்ளே ஒரு தாதி, வயது முப்பதுக்குள், நல்ல கெட்டிக்காரி. ஏறியவுடனேயே எல்லாவற்றையும் கைக்குள் எடுத்துவிட்டாள். புங்குடுதீவைத் தாண்டும்போதுதான் என் கைத்தொலைபேசி அடித்தது. என் கணவர்.

"எங்க நிக்கிறீர்? பிள்ளை உடுப்புப் போட்டு வெளிக்கிட்டிட்டாள். கேட்டுக்கொண்டே நிக்கிறாள்."

மணி ஒன்பதேகால். அப்போதுதான் எல்லாம் என் தலையில் விழுந்தது. அந்தப் பாதை உங்களுக்குத் தெரியும். வேலணையில் ஒரு சந்தி. நேரே போனால் யாழ்ப்பாணம். இடப்பக்கம் திரும்பினால் சரவணை, கரம்பொன், என் கோயில், என் பிள்ளை. சந்தியில் இறங்கினால் பூசைக்கு நேரம் தாராளம்.

தாதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்கள் சந்தியில இறங்குங்கோ மிஸி. நான் பார்த்துக்கொள்ளுவன். பிள்ளைக்குப் புதுநன்மை ஒருக்காத்தானே வரும்" என்றாள்.

அவள் சொன்னது சரி. அவள் என்னைவிட நன்றாகப் பார்ப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். பரமேஸ்வரி அம்மாவும், "உங்களுக்குப் பிள்ளைக்கு இண்டைக்கு நல்ல நாளோ? ஐயோ, தெரியாமல் இழுத்துக்கொண்டு வந்திட்டன். இறங்குங்கோ மிஸி" என்றார். வாயால் சொன்னார். அவருடைய கண் அதைச் சொல்லவில்லை. தர்சினியின் கை என் விரல்களை இறுக்கியது.

அம்புலன்ஸ் சந்தியில் வேகத்தைக் குறைத்தது. சாரதி கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

பிள்ளைகளே, நான் இறங்கியிருந்தால் அது பாவமில்லை. யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். நான் கூடப் போனதால்தான் அந்தப் பெண் பிழைத்தாள் என்றும் நான் சொல்லமாட்டேன். எனக்கு அந்த நிமிடத்தில் ஒன்றுதான் தெரிந்தது. இந்த மனிசி என் சொல்லை நம்பித்தான் மருமகளைக் கடலில் ஏற்றினார். முதலில் என் சொல்லுக்குப் பயந்து படலையைச் சாத்தியவர். என் சொல் அந்த வீட்டில் ஒருமுறை கெட்டுவிட்டது. இரண்டாம் முறையும் கெட்டால் அதற்குப் பிறகு நான் எந்த வாயால் எந்தச் செபத்தைச் சொல்வது?

"நேரே போங்கோ அண்ணை" என்றேன்.

கணவருக்குச் சொன்னேன். "சரி. பிள்ளைக்கு நான் சொல்லுறன். நீர் அந்தப் பிள்ளையைப் பாரும்" என்றார். சந்தி பின்னால் போய்விட்டது. நான் அழுதேன். அழுதுகொண்டே தர்சினியின் நாடியையும் பார்த்தேன்.

தியேட்டர் வாசல் வரைக்கும் அந்தக் கையை நான் விடவில்லை. அங்கே அவர்கள்தான் பிரித்து எடுத்தார்கள். பிறகு நானும் பரமேஸ்வரி அம்மாவும் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பதினொன்றரைக்கு ஒரு தாதி வந்து, பெண்பிள்ளை, தாய்க்கும் ஆபத்தில்லை என்றாள். பரமேஸ்வரி அம்மா முதலில் அவளைக் கட்டிப்பிடித்தார், பிறகு என்னை, பிறகு தரையைக் கூட்டிக்கொண்டு நின்ற தொழிலாளியை. மடியிலிருந்து பனங்கட்டி ஒன்றை எடுத்துப் பல்லால் உடைத்துப் பாதியை என் வாய்க்குள் தள்ளினார்.

"திண்ணுங்கோ. திண்டிட்டு ஓடுங்கோ. உங்கட பிள்ளையிட்ட ஓடுங்கோ மிஸி!"

ஓடமுடியவில்லை. பஸ்ஸுக்குக் காத்து நின்று, ஏறி, அது நின்று நின்று போய்ச் சேர மூன்று மணியாகிவிட்டது. வெள்ளைச் சேலைப் பை நெடுந்தீவிலேயே கிடந்தது. சீருடையில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பக்கத்திலிருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு ஆசனத்துக்குப் போனார். பிள்ளையிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். கணவரின் தொலைபேசி அடித்துக்கொண்டேயிருந்தது, அவர் எடுக்கவில்லை. அவ்வளவு கோபமா என்று நினைத்தேன்.

வீடு பூட்டியிருந்தது. திரும்ப எடுத்துப் பார்த்தேன், அவருடைய தொலைபேசி உள்ளே கிடந்து அடித்தது. கோயிலுக்கு நடந்தேன். வாசற்படியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எங்கள் பங்குச் சுவாமி, அவரும் படியில்தான். என்னைக் கண்டதும் சுவாமி எழும்பி உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"ஜெசிந்தா, எழும்பு பிள்ளை! அம்மா வந்திட்டா!"

முதல் வாங்கில் வெள்ளை உடுப்போடும் தலையில் பூமுடியோடும் சுருண்டு கிடந்தவள் எழும்பி உட்கார்ந்தாள். கன்னத்தில் வாங்கின் கோடு பதிந்திருந்தது.

"என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

என் கணவர் சொன்னார். பூசை நடந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் போய் நற்கருணை வாங்கினார்கள். இவள் எழும்பவில்லை. பூசை முடிந்து சுவாமி வந்து கேட்டாராம். "அம்மா வரட்டும் சுவாமி" என்றாளாம். அம்மா எப்போது வருவா என்று கேட்டதற்கு, "தெரியாது. ஒரு பிள்ளை பிறக்கவேணும், பிறகுதான்" என்றாளாம்.

"காலமை தொடக்கம் தண்ணி மட்டும்தான். கேக் கொண்டுவந்து குடுத்திச்சினம். தொடேல்லை" என்றார் கணவர்.

"ஏன் பிள்ளை சாப்பிடேல்லை?" என்று மகளைக் கேட்டேன்.

அவள் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நன்மை வாங்க ஒரு மணித்தியாலத்துக்கு முதல் சாப்பிடக்கூடாது எண்டு சிஸ்டர் சொன்னவ. நீங்கள் எத்தினை மணிக்கு வருவியள் எண்டு எனக்குத் தெரியாது. அப்ப எப்பிடிச் சாப்பிடுறது?"

சுவாமி குறுக்கிட்டார். "நானும் சாப்பிடேல்லை மிஸி. இவள் இப்பிடி இருக்க எனக்கு எப்பிடி இறங்கும்? வாங்கோ, பூசையைத் தொடங்குவம்."

என் சீருடையைக் காட்டினேன். இந்தக் கோலத்தில் எப்படி என்றேன்.

"உள்ளுக்கு இருக்கிறவர் மீன்பிடிகாரரோட திரிஞ்சவர். உப்பு மணம் அவருக்குப் புதிசில்லை. வாங்கோ" என்றார் சுவாமி.

கோயில் மணி அடித்தது. காலையில் நன்மை வாங்கிய பிள்ளைகளின் வீடுகளுக்கு எப்படியோ விசயம் போயிருந்தது. காற்சட்டை போட்டவர்கள், வெள்ளை உடுப்பைக் கழற்ற மனமில்லாதவர்கள், வாயில் ஐசிங் ஒட்டியபடி வந்தவர்கள் என்று ஓடிவந்து நிறைந்துவிட்டார்கள். பாட்டுக்காரரும் இல்லை, ஓகன் வாத்தியமும் இல்லை. பிள்ளைகள் பாடினார்கள். என் மகள் நடந்து போய்க் கையை நீட்டியபோது நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

எங்கே நேரம் என்று கேட்ட பிள்ளைக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். நானும் வேலைக்கு ஒரு நேரம், ஆண்டவருக்கு ஒரு நேரம் என்று பிரித்து வைத்து, இரண்டும் ஒன்றையொன்று தின்கிறதே என்று அழுதவள். நீ கிளினிக் புத்தகத்தில் உண்மையை எழுதும்போது அவரோடுதான் இருக்கிறாய். பயந்த ஒருத்தியின் கையைப் பிடித்திருக்கும்போதும் அவரோடுதான். பூசைக்குப் போக முடிந்த நாளில் கட்டாயம் போ. ஓடிப் போ. நான் மூன்று மணிக்குப் பிறகு போய்ச் சேர்ந்த அந்தப் பூசையைப் போல, நேரத்துக்குப் போன ஆயிரம் பூசையில் நான் மகிழ்ந்ததில்லை.

பூசை முடிந்து கோயில் முற்றத்திலேயே எல்லாரும் கொண்டுவந்ததைப் பரப்பினார்கள். ஜெசிந்தா இரண்டு கையிலும் பற்றிஸ் வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் சாப்பிட்டாள். சுவாமியும் அவளுக்குக் குறையாமல் சாப்பிட்டார். நன்மை வாங்கிய பிறகு அவள் நீண்ட நேரம் முழங்காலில் இருந்ததைப் பார்த்திருந்தேன். மெல்லக் கேட்டேன்.

"ஆண்டவரிட்ட என்ன கதைச்சனி?"

"பசிக்குது எண்டு சொன்னனான்."

"பிறகு?"

"அந்தப் புதுப் பிள்ளை சாப்பிட்டிட்டுதோ எண்டு கேட்டனான்."

"இந்நேரம் தாயிட்டப் பால் குடிச்சிருக்கும்" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது பற்றிஸை எடுக்க ஓடினாள்.